தம்பியைக் கூப்பிடுற மாதிரி

நாற்பது நிமிடம் ஆகும் என்று சொல்லி, காது கிளினிக்கில் வேலை செய்கிற பிள்ளை அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடியதும் சுகிர்தனுக்குத் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தான், எடுத்தான், கோட்டுப் பைக்குள் விட்டான். பத்து இருபதுக்குப் போனவள் பதினொன்றுக்கு வெளியே வருவாள், வரும்போது அவளுக்குக் காது கேட்கும். பெற்ற தாய்க்குக் காது கேட்கப் போகிறதே என்று பயந்துகொண்டிருக்கிற மகன் உலகத்தில் எங்கேயாவது இருப்பானா? இருக்கிறான், இதோ ஸ்கார்பரோவில், சனிக்கிழமைக் காலையில், சப்பாத்தில் ஒட்டி வந்த பனிச்சேறு உருகி விரிப்பில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதில். மார்கழியில் ஒரு தரம், தையில் ஒரு தரம், அவனே இந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, அம்மாவுக்குத் தடிமன், வேறொரு நாள் தாருங்கோ என்று கேட்டான். அம்மாவுக்குத் தடிமனும் இல்லை, தும்மலும் இல்லை. அவனுக்கு நாலடி தள்ளி இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிய பொய் அவள் முன்னாலேயே நடந்தது, குரலைத் தாழ்த்துகிற மரியாதைகூட அவன் செய்யவில்லை, தேவைப்படவில்லை. மூன்றாம் தரம் மனைவி ரஜிதா தானே பதிந்து, நாள்காட்டியில் வட்டம் போட்டு, “இந்த முறை ஆருக்குத் தடிமன் வருதெண்டு பாப்பம்” என்றாள். அவளுக்கு ஏதோ சந்தேகம். என்ன என்று அவள் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதுதான் அவனைப் போட்டுக் குடைந்தது. மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய காது ஒன்று வைத்திருந்தார்கள், பிரித்துப் பார்க்கலாம். சும்மா இருக்க மாட்டாமல் அதைப் பிரித்தான். உள்ளே நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு துண்டு கையோடு கழன்று வந்தது, திருப்பிப் பொருத்தினால் பொருந்த மாட்டேன் என்றது.

முப்பது வருடத்துக்கு மேலாக அம்மா காதுக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் இருந்தாள். வலது காது அடியோடு இல்லை, இடது காது கிட்டப் போய்க் கத்தினால் கேட்கும், அதுவும் வரவர மங்கிக்கொண்டு போனது. மெசின் போடுவோம் அம்மா என்றால், “கேட்டது காணும்” என்பாள். கேட்டதே போதும் என்கிற ஒரே சொல், அதற்கு மேல் பேச்சில்லை. கேட்டது காணும் என்றவள் ஐப்பசியில் திடீரென்று போடுவோம் என்றாள். என்ன மனம் மாறியது என்று அவன் கேட்கவில்லை, கேட்கப் பயம். ஐப்பசியில்தான் அவன் வேலை செய்த அந்தக் கணினி விளையாட்டு வெளிவந்தது. ஒன்றுக்கொன்று தொடுப்பு இல்லை, பேத்தி பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டிருப்பாள், வயது போகிறது, ஆசை வராதா? அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்துத் தடிமன் என்றான். சீ, என்ன மனிசனடா நீ.

அவன் ஒரு கேம் கம்பனியில் சத்தம் சேர்க்கிறவன். கதவு கிறீச்சிடுவது, சேற்றில் சப்பாத்து இறங்குவது, தகரத்தில் மழை விழுவது, எல்லாம் அவன் கைவேலை. அந்த விளையாட்டு இரண்டாம் உலகப் போரைப் பற்றியது. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் காட்டை வெட்டி யப்பான்காரன் போட்ட ரயில் பாதை, மலாயாத் தோட்டங்களில் இருந்து ஏற்றிக்கொண்டுபோன தமிழ்ச் சனம் அங்கே வாந்திபேதியிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தது. விளையாடுகிறவன் அந்தப் பாதையில் ஒரு பாலத்தை உடைக்க வந்த நேசப்படையாள். பாலத்துக்குப் போகிற வழியில் தொழிலாளர் குடில்கள், குடில்களுக்குப் பின்னால் யப்பான்காரனின் வெடிமருந்து. குடில் எரிந்தால்தான் மருந்து வெடிக்கும், மருந்து வெடித்தால்தான் வழி. இதைப் பற்றிக் கண்ணாடி அறைக்குள் ஒரு முழுநாள் கூட்டம் நடந்தது. சாகிற தொழிலாளிக்கு எத்தனை புள்ளி குறைக்கலாம் என்று ஒருவர் கேட்டார், ஐம்பதோ நூறோ என்று. புள்ளி குறைத்தால் மனிதச் சாவுக்கு விலை போட்ட மாதிரி, குறைக்கவே கூடாது என்றாள் ஒருத்தி. குடிலைத் தொடாமல் ஆற்றோரமாகச் சுற்றிப் போக ஒரு பாதை வைப்போம் என்றான் இன்னொருவன். எல்லாரும் தலையாட்டினார்கள். பாதையைச் செய்ய ஆறு கிழமை பிடிக்கும் என்று தெரிந்ததும் ஆட்டின தலைகள் அப்படியே குனிந்துகொண்டன. அப்போது வாயைத் திறந்தவன் சுகிர்தன். வழி வைக்க முடியாவிட்டால் சத்தம் வைப்போம் என்றான். குடில் எரியும்போது உள்ளே இருந்து ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடட்டும், எரிக்கிறவனுக்கு அது கேட்கட்டும். தலைவன் மார்ட்டின் மேசையில் மெல்லத் தட்டி, அதுதான் என்றான். அந்த நேரம் சுகிர்தனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பெருமைதான் கூட.

நாடகத்தில் பெயர் எடுத்த ஒருத்தியைக் கூப்பிட்டுப் பதிந்தார்கள். நன்றாகத்தான் கத்தினாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது இல்லை அது. எது அது என்று அவனுக்குத் தெரியும், அதுதான் கோதாரி. அடுத்த நாள் வீட்டு நிலவறையில் மைக்கை நாட்டி, அம்மாவைக் கதிரையில் இருத்தி, இடது காதோடு வாயை வைத்துக் கத்திச் சொன்னான்: “வேலைக்கு ஒரு சத்தம் வேணும் அம்மா. தூரத்தில நிக்கிற தம்பியைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுங்கோ.” அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். “என்ன விளையாட்டு?” “ரயில் விளையாட்டு.” “ரயில் வெளிக்கிடப் போகுதோ?” “ஓம் அம்மா.” இதில்தான் அவன் மனம் இடறி இடறி நிற்கிறது, ஒரு வருடமாக இதே இடத்தில். தம்பி என்றால் யார்? யாழ்ப்பாணத்தில் ஆரும் தம்பி. கடையில் நிற்கிற பெடியன் தம்பி, பஸ் கொண்டக்டர் தம்பி, பேர் தெரியாதவனெல்லாம் தம்பி. ஏதோ ஒரு தம்பி என்றுதானே அவன் சொன்னான். ஆனால் அவர்கள் வீட்டில் தம்பி என்றால் ஒரே ஒரு ஆள். பள்ளிக்கூட இடாப்பில் மயூரன், வீட்டில் தம்பி. அம்மாவுக்கும் தம்பி, அப்பாவுக்கும் தம்பி, நாலு வயது மூத்த சுகிர்தனுக்கும் தம்பி, ஏழு வயதோடு நின்றுபோன தம்பி. மகனைக் கூப்பிடுற மாதிரி என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையை என்று சொல்லியிருக்கலாம். வாய் தவறிவிட்டது, அம்மா பிழையாக விளங்கிக்கொண்டாள், நம்மட ஆட்கள் ஆருக்கும் இந்தப் பிழை வரும். இப்படி எத்தனை தரம் சொல்லிப் பார்த்துவிட்டான், ஒரு தரமாவது தன்னை நம்ப வைக்க முடிந்ததா? வாய் தவறவில்லை. நிலவறைப் படியில் இறங்கும்போதே அந்தச் சொல்லைத் தெரிந்து எடுத்துக்கொண்டுதான் இறங்கினான்.

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். பிறகு கூப்பிட்டாள். “தம்பி, ஓடி வா குஞ்சு.” நல்லது அம்மா, இன்னொருக்கா. “தம்பி, ஓடி வா குஞ்சு.” இன்னொருக்கா அம்மா, இன்னும் கொஞ்சம் தூரத்தில. இன்னும் தூரத்தில. ஒன்பது தரம். எழுபது வயது மனிசி, கழுத்து நரம்பு புடைக்க, ஒன்பது தரம், அவன் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, இது இல்லை, இதுவும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். ஒன்பதாவதில் அது வந்தது. “வந்திட்டுது அம்மா” என்றான், பெருவிரலை உயர்த்தி. காது அரைகுறையான அம்மாவுக்கு வந்திட்டு என்பது மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். கூப்பிட்டவன் வந்துவிட்டான் என்பது போலச் சட்டென்று திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். அதையும் அவன் பார்த்தான். பார்த்துவிட்டு ஃபைலைச் சேமித்தான்.

யாழ்ப்பாணத்தில் போர் நடந்த நாளில் கொக்குவில் வீட்டு வளவில் பங்கர் வெட்டியது அப்பா, மேலே தென்னங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. அன்றைக்குக் குண்டு போடுகிற பொம்பரின் சத்தம் கேட்டதும் முதல் இறங்கியவன் சுகிர்தன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி குப்புறப் படுத்து, வாயைத் திறந்து, காதை இரண்டு விரலாலும் அடைத்துக்கொண்டான், கெட்டிக்காரப் பிள்ளை. தம்பி வரவில்லை, முயல் கூட்டைத் திறந்துவிடப் போய்விட்டான், அதுகளுக்கும் பயம்தானே என்று முதல் நாளே சொன்னவன். அம்மா பங்கர் வாசலில் தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டாள். முதல் தரம் ஏச்சாக இருந்தது, வாடா இஞ்ச என்கிற மாதிரி. இரண்டாம் தரம் கட்டளை. மூன்றாம் தரம் வேறொன்று, விரலைத் தாண்டி உள்ளே வந்த ஒன்று. நிலவறையில் அவன் எட்டுத் தரம் தலையை ஆட்டியது அந்த மூன்றாவதற்காகத்தான். அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் அம்மாவின் வலது காது போனது. சுகிர்தனின் காதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடைத்து வைத்தவன் அல்லவா, அந்தக் காதுகளை வைத்துத்தான் இன்றைக்குச் சோறு தின்கிறான். நான் ஏன் அதை வெளியே கொண்டுவந்தேன்? வருடக்கணக்காக என் தலைக்குள் மட்டும் இருந்தது, ஒரு தரமாவது வெளியே வேறு ஆருக்காவது கேட்கட்டும் என்று. இது உண்மையான காரணம், நல்ல காரணம், அழலாம் போன்ற காரணம். ஆனால் விழா மேடையில் அந்த வருடத்தின் சிறந்த ஒலி என்று கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் தந்தபோது அவன் அழவில்லை, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்தான். அந்தப் படம் கம்பனிச் சுவரில் தொங்குகிறது.

விளையாடினவர்கள் எழுதுவதை வாசிக்காமல் இருந்திருக்கலாம். ஒருவன் எழுதினான், அந்தக் குரல் கேட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தன் தாய்க்குத் தொலைபேசி எடுத்தானாம். அதைச் சுகிர்தன் நாலைந்து தரம் வாசித்தான். இன்னொருவன் அந்தக் குரலை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு பாட்டு மெட்டில் ஒட்டி, பூனை ஓடுகிற படத்துக்குப் போட்டிருந்தான், ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். இன்னும் ஒருவன், குடிலுக்குப் பதினொரு தரம் நெருப்பு வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தரமும் அதே குரல்தான் வருகிறது, இன்னும் இரண்டு மூன்று விதம் பதிந்திருக்கலாமே என்று குறைப்பட்டிருந்தான். பதிந்தது இருக்கிறது ஐயா, ஒன்பது இருக்கிறது. பிறகு மலேசியாவில் கிள்ளானில் இருந்து ஒரு முதியவர் தமிழில் எழுதியது. என் தகப்பனார் அந்தப் பாதையில் வேலை செய்து திரும்பி வந்தவர், இந்தக் குரல் எங்கள் தோட்டத்துத் தமிழ் இல்லை, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அவர் நடிக்கவில்லை, அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதற்கு அவன் பதில் போடவில்லை. ஒரு சனத்தின் சாவுக்குள் இன்னொரு சனத்தின் சாவை ஒளித்து வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறவன் என்னத்தைப் பதில் போடுவான்?

பத்து நாற்பது. உள்ளே இருந்து பீப் பீப் என்று சத்தம், அந்தப் பிள்ளையின் குரல், “இது கேக்குதோ அன்ரி? இது?” கேட்குதோ கேட்குதோ என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகிறாள். வீட்டில் மகள் ஆரபி இந்த நேரம் எழும்பி, கோப்பையில் பாலும் சீரியலுமாகத் திரைக்கு முன்னால் இருப்பாள். பதின்மூன்று வயது. அப்பம்மாவுக்குக் கேட்காது என்று சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டு விளையாடிப் பழகினவள். முதல் தரம் அவள் அந்தக் குடில்களுக்கு வந்தபோது சுகிர்தன் கதவோரம் நின்று பார்த்தான். ஒரு குடில் பற்றியது, குரல் வந்தது, ஆரபி கையை எடுத்துவிட்டாள். ஆற்றோரம் போனாள், பற்றைக்குள் போனாள், மலைச் சரிவில் ஏறிப் பார்த்தாள், முக்கால் மணி நேரம் வேறு வழி தேடினாள். பிறகு திரும்பி, “அப்பா, சுத்திப் போக வழியே வைக்கேல்லயே நீங்கள்” என்றாள். கோபமாகக்கூட இல்லை, பேனை ஒன்று எழுதவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவன், “அப்பிடித்தான் அது, போர் எண்டால் அப்பிடித்தான்” என்றான். பெரிய ஞானி. போர் அப்படி என்பதால் வழி இல்லாமல் போகவில்லை, ஆறு கிழமை இல்லாததால் போனது. பிள்ளைக்கு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

தொலைபேசியை எடுத்து அவளுக்கு எழுதினான். இண்டையில இருந்து ஹெட்ஃபோன் போட்டு விளையாடு, அப்பம்மாவுக்கு இரைச்சல் பழகும் மட்டும். அனுப்பினான். எவ்வளவு அக்கறையான தகப்பன் பார்த்தீர்களா, எவ்வளவு கரிசனையான மகன். பதில் உடனே வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ்: அப்பம்மாதானே கேட்டவ. ரயில் கேமில தன்ர குரல் இருக்காம். காது வந்த உடன முதல் அதைத்தான் கேக்கோணுமாம், நான் போட்டுக் காட்டுறன் எண்டு சொன்னனான். எந்தக் குரல் அப்பா அது, நான் இன்னும் கண்டுபிடிக்கேல்ல. சுகிர்தன் அதை வாசித்தான். திரை இருண்டது, தட்டித் திரும்ப வாசித்தான். ஆக, கேட்டது காணும் என்றவள் இதற்காகத்தான் ஓம் என்றிருக்கிறாள். அவன் இரண்டு தரம் தள்ளிப் போட்டதும் இதைத்தான். காதில் இருந்து தொடங்கிய சூடு கழுத்து வரை இறங்கியது. எதிர்க் கதிரையில் ஒருவரும் இல்லை, இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சொல்லாமலும் இல்லை அவன். அம்மாவிடம் சொன்னான், சொல்லித்தான் இருக்கிறான். போன மாதம் அம்மா குசினியில் தோசைக்கு உழுந்து கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலப்பக்கமாகப் போய் நின்று, அம்மா, அது ரயில் விளையாட்டில்ல, அது சண்டை விளையாட்டு, உங்களைத் தம்பியைக் கூப்பிட வைச்சு வித்துப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று ஒரு சொல் விடாமல் சொன்னான். வலப்பக்கம். செத்த காதுப் பக்கம். குழாய்த் தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பி, பின்னால் ஆள் நிற்பது கண்டு திடுக்கிட்டு, “என்ன, பசிக்குதோ?” என்றாள். “ஓம் அம்மா” என்றான். அன்றைக்கு ஆறு தோசை தின்றான். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது, மேடையில் சிரித்ததைவிட, ஒன்பது தரம் கேட்டதைவிட, அந்த ஆறு தோசை. பிளாஸ்டிக் நத்தையை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கினான். இனி அந்த வலப்பக்கம்கூட இல்லை, எங்கே நின்று சொன்னாலும் இடது காது பிடித்துவிடும். குரலை மாற்றிவிட்டால் என்ன? மார்ட்டினிடம் சொல்லி அந்த நாடகக்காரியின் குரலைப் போட்டால், அம்மாவிடம், இது நீங்கள்தான் என்று சொன்னால், முப்பது வருடமாகத் தன் குரலைத் தானே சரியாகக் கேட்காதவளுக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தான், செய்யக்கூடியதுதான், ஒரு கிழமை வேலை. செய்யக்கூடியது என்று கண்டதும் தன் மேல் அவனுக்கு அருவருப்பு வந்தது.

கதவு திறந்தது. அம்மா வாசலில் நின்றாள், இடது காதுக்குப் பின்னால் சின்னச் சாம்பல் நிறத் துண்டு, தலைமயிருக்குள் பாதி மறைந்து. ஒரு அடி வைத்தாள், தன் சப்பாத்துச் சத்தம் கேட்டுக் கீழே பார்த்தாள். “என்ன உது இரையிறது?” என்றாள். “ஹீட்டர் அன்ரி” என்றது அந்தப் பிள்ளை. “எவ்வளவு காலமா இரையுது?” “அது எப்பவும் இரையிறதுதான்.” சுகிர்தன் எழும்பி, “எப்பிடி அம்மா, கேக்குதோ?” என்றான், பழக்கத்தில் கத்தி. அம்மா கையை உயர்த்தி மெதுவாக என்று காட்டினாள். அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “உன்ர குரல் கொப்பற்ற குரல் மாதிரிப் போச்சு. எனக்குத் தெரியாது” என்றாள். பதினொரு வயதுக்குப் பிறகு உடைந்து அப்பாவின் குரலாகிப்போன குரல் அது, இன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்குச் சரியாகக் கேட்கிறது.

அம்மாவுக்குக் கோட்டைப் போட்டுவிட்டான். பொத்தானைப் பூட்டுகிற போது அம்மா கேட்டாள். “ஆரபி அந்த ரயில் விளையாட்டைப் போட்டுக் காட்டுறன் எண்டவள். நான் கூப்பிட்டது அதுக்குள்ள வருதோ?” “வருது அம்மா.” “நான் கூப்பிட்டதுக்கு அவன் ஓடி வந்து ஏறுறானோ?” சுகிர்தனின் கை இரண்டாவது பொத்தானில் நின்றது. இவ்வளவு நாளும் இவள் மனதுக்குள் ஒரு ரயில் புறப்படாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு பெடியன் ஓடி வருகிறான், முயல் கூட்டைத் திறந்துவிட்டுத்தான் வருகிறான், வந்து ஏறுகிறான். அதற்காகத்தான் ஒன்பது தரம் கூப்பிட்டிருக்கிறாள். சுகிர்தன் தன்னை அறியாமலே இரண்டு அடி நகர்ந்தான். அவளுக்கு வலப்பக்கமாகப் போய் நின்று வாயைத் திறந்தான். அம்மா மெல்லத் திரும்பினாள், முழு உடம்போடும், இடப்பக்கத்தை அவனுக்குக் கொடுத்து.

“இந்தப் பக்கம் நில்” என்றாள். “இப்ப எனக்குக் கேக்குது. சொல்லு.”

“இல்லை அம்மா” என்றான். “வரேல்ல. அது ரயில் ஏறுற விளையாட்டில்ல. சண்டை. வீடு எரியேக்க உங்கட குரல் வரும், அவ்வளவுதான். ஓடி வர அதில ஒரு பிள்ளையே செய்யேல்ல நாங்கள்.” தன் குரல் அப்பாவின் குரல் மாதிரி இருப்பது அவனுக்கே கேட்டது.

அம்மா மிச்சப் பொத்தான்களைத் தானே பூட்டினாள், கழுத்துவரை. அந்தப் பிள்ளை பற்றரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றாள்.

“எத்தினை தரம் கூப்பிட்டனான் அண்டைக்கு, நிலவறையில?”

“ஒம்பது தரம் அம்மா.”

“ஒம்பது” என்றாள் அம்மா. தன் குரலைத் தானே கேட்டுப் பார்க்கிறவள் மாதிரி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “உனக்கு ஒம்பது தரம் கூப்பிட்டிருக்கிறன். அவனை மூண்டு தரம்தான் கூப்பிட்டனான்.”